சேரிக் குழந்தைக்காகப் பிறந்த கல்வி: சான் லொரென்சோ முதல் ஆவடி வரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் ‘மாண்டிசோரி’ என்ற சொல்லுக்கு இன்று ஒரு விலை உண்டு. மழலையர் பள்ளியின் பெயர்ப் பலகையில் அந்தச் சொல் ஏறினால் கட்டணமும் ஏறும். அந்தப் பெயருக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது. அந்த முறையில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர்கூட இல்லாத பள்ளியும் அதைப் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அதே பகுதியில், சேரியின் ஓரத்திலோ வாரியக் குடியிருப்பின் நடுவிலோ, அங்கன்வாடி இருக்கிறது. அங்கே சத்துமாவு உண்டு, முட்டை உண்டு, எடை பார்க்கும் கருவி உண்டு. ‘மாண்டிசோரி’ மட்டும் இல்லை. அது காசு உள்ளவர் வீட்டுப் பிள்ளைகளின் கல்வி என்று நம் மக்களும் நம்பிவிட்டார்கள்.

வரலாறு இதற்கு நேர்மாறானது, தோழர்களே. அந்தக் கல்விமுறை பிறந்தது ஏழைகளின் குடியிருப்பில். ‘அங்கன்வாடி’ என்ற சொல்லே அந்தக் கல்விமுறையைச் சேரிக்கும் பழங்குடிக் கிராமத்துக்கும் கொண்டுபோன ஒரு பெண்ணின் பணியிலிருந்து வந்தது. நமக்கு உரியது நம் கையிலிருந்து எப்படிப் போனது, அதை அரசின் தர அளவுகோல் வழியாக எப்படித் திரும்பக் கேட்பது என்பதே இந்தக் கட்டுரை.

தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை

1907 ஜனவரி 6. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி. கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தப் பகுதியில் ஒரு நிறுவனம் பழைய கட்டடங்களைச் சீர்செய்து வாடகைக்கு விட்டிருந்தது. பெற்றோர் விடிந்ததும் வேலைக்குப் போனார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத சிறு குழந்தைகள் படிக்கட்டுகளில் சுற்றினார்கள், சுவரில் கிறுக்கினார்கள். கட்டடம் பாழாகிறதே என்பதுதான் நிறுவனத்தின் கவலை. குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள மரியா மாண்டிசோரியை அழைத்தார்கள்.

மாண்டிசோரி ஒரு மருத்துவர். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு அதற்கு முன்பே வேலை செய்தவர். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஐம்பது குழந்தைகள், ஓர் அறை. உதவிக்கு வந்த பெண் பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்ல, அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர். ‘குழந்தைகள் வீடு’ என்று பெயர் வைத்தார்கள். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருள்கள். தானே எடுத்து, தானே செய்து பார்த்து, தவறினால் தானே கண்டுபிடித்துத் திருத்தி, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அடி கிடையாது, பரிசும் கிடையாது. ‘மந்தம்’ என்றும் ‘முரடு’ என்றும் ஊர் சொன்ன பிள்ளைகள் நாலு, ஐந்து வயதில் எழுதத் தொடங்கினார்கள். உலகம் திரும்பிப் பார்த்தது.

வாரியக் குடியிருப்பில் வளர்ந்த யாருக்கும் இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. தாயும் தகப்பனும் ஷிப்டுக்குப் போனபின் மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகள் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

அடையாறும் நம் பள்ளிகளும்

1907க்கு நம் வரலாற்றிலும் இடம் உண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இறந்தார். ஜூன் மாதம் பண்டிதர் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார்.

ஆல்காட் 1894இல் அடையாற்றின் ஊரூரில் பறையர் குழந்தைகளுக்கென்று ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பஞ்சமர் பள்ளிகள் பெருகின. இது ஒரு வெள்ளைக்காரரின் தனிப்பட்ட கருணை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1890களின் தொடக்கத்திலேயே அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் கல்வி கேட்டு, நிலம் கேட்டு மனுவும் கூட்டமும் பத்திரிகையுமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றிய ட்ரெமன்ஹியரின் அறிக்கை வந்தது. 1892இல் பஞ்சமி நிலம், 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணை என்று அரசும் அசைய வேண்டியதாயிற்று. ஆல்காட் பள்ளிகள் எழுந்தது அந்த அலையில்தான்.

அந்தப் பள்ளிகளில் ஒரு புதுமை நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த கோர்ட்ரைட் என்ற பெண்மணி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதியான வீட்டுக் குழந்தைகளுக்குக் கிடைத்துவந்த கிண்டர்கார்டன் முறையைப் பறையர் குழந்தைகளின் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். பாட்டு, விளையாட்டு, கைவேலை, பொருளைத் தொட்டுப் பார்த்துப் படிப்பது எல்லாம் அதில் இருந்தன. ‘பறையனுக்கு எப்படிக் கற்பிக்கிறோம்’ என்ற பொருளில் தலைப்பிட்டு 1906இல் ஒரு சிறு நூலும் எழுதினார். சென்னையில் நவீன மழலையர் கல்வியின் தொடக்கப் பக்கங்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இதைத் தேடாதீர்கள், கிடைக்காது.

அதே பிரம்மஞான சபையின் மறுபக்கமும் உண்டு. ஆல்காட்டுக்குப் பின் தலைவரான அன்னி பெசன்ட் 1909இல் ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்ட குழந்தைகள் உடலாலும் பழக்கத்தாலும் தூய்மை அடையத் தலைமுறைகள் ஆகும், அதுவரை மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் சேர்த்து உட்காரவைக்கக் கூடாது என்பது அதன் சாரம். புரட்சியாளர் அம்பேத்கர், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்பது பற்றிய தம் 1945ஆம் ஆண்டு நூலில் இந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். குழந்தையின் உடலைத் தீட்டாகப் பார்க்கும் கண் எவ்வளவு ‘முற்போக்கான’ முகத்திலும் இருக்கும் என்பதற்கு இது சான்று.

1939 நவம்பரில் அதே அடையாற்றுக்கு மாண்டிசோரியே வந்து சேர்ந்தார். ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் போட்டு, இந்தியா முழுவதிலுமிருந்து வந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டுக் குடிமகள் என்று அவரைக் கட்டுப்பாட்டில் வைத்தது பிரிட்டிஷ் அரசு. பிறகு கோடைக்கானலில் தங்கி வேலையைத் தொடர்ந்தார். குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1949இல் சென்னையில்தான் அச்சானது. பஞ்சமர் பள்ளி தொடங்கிய ஊரூருக்கு அருகில், பஞ்சமர் பள்ளியின் நிறுவனர் பெயரிலுள்ள தோட்டத்தில், இவ்வளவும் நடந்தது. ஆனால் அந்தப் பயிற்சியின் பலன் பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பள்ளிகளுக்கே போய்ச் சேர்ந்தது. அடையாற்றிலிருந்து ஆவடிச் சேரி அதிக தூரம் இல்லை. அந்தத் தூரத்தைக் கடக்க எண்பது ஆண்டுகள் போதவில்லை.

‘அங்கன்வாடி’ எங்கிருந்து வந்தது?

மேற்கு இந்தியாவில் வேறொன்று நடந்தது. குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா 1920இல் பாவ்நகரில் மாண்டிசோரி வழியில் பால மந்திர் தொடங்கினார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக், இந்த முறை நகரத்து நடுத்தர வர்க்கத்தோடு நின்றுவிடக் கூடாது என்று முடிவு செய்தார். 1945இல் அனுதாய் வாக்கோடு சேர்ந்து மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள போர்டியில் வேலையைத் தொடங்கினார். பிறகு கோஸ்பாட் மலையில் பழங்குடி மக்களிடையே தொடர்ந்தார்.

பள்ளியைத் திறந்து வைத்தால் பிள்ளைகள் வந்துவிடவில்லை. தம்பியைத் தூக்கி வைத்திருக்கும் பிள்ளை எப்படி வரும்? ஊர்த் தெருவுக்குள் கால் வைக்கத் தயங்கும் சேரிப் பிள்ளை எப்படி வரும்? ‘குழந்தை வராவிட்டால் பள்ளி போகட்டும்’ என்று முடிவெடுத்தார்கள். மக்கள் வாழும் இடத்துக்கே, வீட்டு முற்றத்துக்கே பள்ளி போனது. ‘அங்கண்’ என்றால் முற்றம். விலை உயர்ந்த மரப் பொருள்களுக்குப் பதிலாகக் கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை. முறை அதேதான், பொருள்கள் மண்ணுக்கு ஏற்றவை.

1970களின் தொடக்கத்தில் மீனா சுவாமிநாதன் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு முன்பருவக் குழந்தைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் மையத்துக்கு ‘அங்கன்வாடி’ என்று பெயர். பெயர் வந்தது. முற்றத்தின் கல்விமுறை பின்தங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து தொடங்கியதால், மக்கள் நினைவில் அங்கன்வாடி என்றால் சோறு என்றே பதிந்தது. சோறு சிறிய விஷயம் அல்ல, பசித்த பிள்ளை படிக்காது. ஆனால் நம் பிள்ளைக்கு வயிறு மட்டும் இல்லையே.

மாநகராட்சிப் பள்ளியில் ஒரு காலம்

‘அரசுப் பள்ளியில் இதெல்லாம் நடக்காது’ என்பவர்களுக்குச் சென்னையே பதில். 2003இல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்காக நடத்திய பள்ளிகளில் பெற்ற அனுபவம் அது. ரிஷிவேலி கிராமப்புறப் பள்ளிகளின் அட்டை முறையும் மாண்டிசோரியின் பொருள்களும் அதில் கலந்தன. பெஞ்ச் போனது, பாய் வந்தது. குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். 2007–08இல் அது மாநிலம் முழுவதும் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அம்பத்தூரும் ஆவடியும் அப்போது மாநகராட்சி எல்லையில் இல்லை. அந்தப் பள்ளிகளுக்கு அது வந்தது இந்த விரிவாக்கத்தில்தான்.

குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தால் மாற்று வரவில்லை. பதிவேடு நிரப்பியே ஆசிரியர்கள் களைத்தார்கள். மேலிருந்து ஆணையாக வந்ததால் பலர் அதைத் தமதாக்கிக்கொள்ளவில்லை. ஆண்டுகள் போகப் போக அது தேய்ந்தது. கொரோனாவுக்குப் பின் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனாலும் ஒன்றை அந்தக் காலம் நிரூபித்தது: குடிசைப் பகுதிப் பிள்ளையும் பொருளைக் கையில் கொடுத்தால் தானே படிக்கும்.

இந்த வெளிச்சம்கூட ஆறு வயதுக்குக் கீழே எட்டவில்லை. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். உபரி ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். 2022 ஜூனில் அந்த வகுப்புகளை மூடப்போவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கி, மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை நியமிப்பதாக அறிவித்தார்கள். மனித மூளை வேகமாக வளரும் வயதுக்கு நம் அரசு போட்ட விலை அது.

சட்டம் கைவிட்ட ஆறு ஆண்டுகள்

இதற்கு வேர் சட்டத்தில் இருக்கிறது. அம்பேத்கர் தலைமையில் எழுதப்பட்ட அரசமைப்பின் 45ஆம் பிரிவு, பதினான்கு வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்றது. கீழ் வரம்பு எதுவும் சொல்லவில்லை. 2002இல் வந்த 86ஆவது திருத்தம் ஆறு முதல் பதினான்கு வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதே கையோடு ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வழிகாட்டும் நெறியாக ஒதுக்கியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் 11ஆம் பிரிவில், மூன்று முதல் ஆறு வயதுவரை அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்றதே தவிர ‘செய்ய வேண்டும்’ என்று சொல்லவில்லை.

வசதியுள்ள பிள்ளை மூன்று வயதில் படிப்பைத் தொடங்குகிறது. நம் பிள்ளை ஆறு வயதில் முதல் வகுப்புக்கு வரும்போது மூன்று ஆண்டு பின்தங்கி நிற்கிறது. பிறகு ‘தகுதி’ என்று பேசுவார்கள்.

ஓர் ஆயுதம் நம்மிடம் உண்டு. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. பட்டியலின, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை கொடுத்து அங்கன்வாடி திறக்க வேண்டும், ஆறு வயதுக்குக் கீழ் நாற்பது குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்பது அதன் சாரம். தெருவில் கணக்கெடுத்து, இந்த ஆணையைக் காட்டி மனு கொடுக்க நம் மாணவர்களால் முடியும்.

தரத்தை அளப்பது யார், எதை வைத்து?

இப்போது அரசுகள் தரத்தை அளக்கத் தொடங்கியிருக்கின்றன. 2013இல் முன்பருவக் கல்விக்கான தேசியக் கொள்கை வந்தது. 2015இல் தமிழ்நாடு அரசு தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, முன்பருவம் உட்படப் பள்ளிகளின் தரத்தை அளக்க மாநிலத் தர ஆணையம் என்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்குப் பல சண்டைகள் உண்டு. ஆனால் அளவுகோல் எந்தப் பெயரில் வந்தாலும், அது எதை அளக்கிறதோ அதற்கே பணம் போகும். அதனால் இதை அதிகாரிகளிடம் விட்டுவிட முடியாது.

அமெரிக்காவில் நடந்தது நமக்குப் பாடம். 1998இல் ஒக்லஹோமா மாநிலம் மழலையர் மையங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மாண்டிசோரிப் பள்ளிகள் சிக்கலில் மாட்டின. மூன்று முதல் ஆறு வயதுவரை கலந்து உட்காருவது, ஒவ்வொரு பொருளிலும் ஒன்றே ஒன்று வைத்துக் காத்திருக்கப் பழக்குவது, மூன்று மணி நேரம் இடையூறில்லாமல் வேலை செய்யவிடுவது எல்லாம் அதன் உயிர். பொதுவான மதிப்பெண் தாளில் இவற்றுக்கு இடம் இல்லை, சில குறையாகவே எண்ணப்பட்டன. பள்ளிகளும் பெற்றோரும் பேசிப் பேசித்தான் சில மாநிலங்களில் வழி பிறந்தது.

இதை நம் அங்கன்வாடியோடு பொருத்திப் பாருங்கள். எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிறார்கள், வகுப்புப் பிரிவு இல்லை, பாயில் உட்காருகிறார்கள். நர்சரிப் பள்ளியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இது குறை. மாண்டிசோரியின் கண்ணால் பார்த்தால் இது தொடக்கப் புள்ளி. ஐந்து வயது அக்கா மூன்று வயதுத் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கும் அறை அது. நாம் வெட்கப்படும் அறையில்தான் நல்ல கல்விக்கான அடித்தளம் கிடக்கிறது.

அளவுகோலை நாமே செய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் உருவான ஒரு மதிப்பீட்டுக் கருவியைத் தமிழ்நாட்டுச் சூழலுக்கு மாற்றி, சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மழலையர் மையங்களை ஆய்வு செய்தது. மீனா சுவாமிநாதன் முன்னின்ற அந்த ஆய்வு 2000இல் வெளியானது. 2017இல் டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகமும் அசர் மையமும் அசாம், ராஜஸ்தான், தெலங்கானாவில் செய்த பெரிய ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. தனியார் மழலையர் பள்ளிகள் பெரும்பாலும் எழுத்தையும் எண்ணையும் திணிக்கின்றன, அங்கன்வாடிகளில் கல்விச் செயல்பாடு குறைவு, இரண்டிலும் படித்த பல பிள்ளைகள் ஐந்து வயதில் பள்ளிக்குத் தயாராக இல்லை. கட்டணம் கட்டினால் தரம் வரும் என்பது கட்டுக்கதை.

இன்று நம் அங்கன்வாடியில் செயலியில் ஏறுவது எடை, உயரம், வருகை, உணவு. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று அரசுக்கே ஒரு நல்ல பாடத்திட்டம் இருக்கிறது. ஆனால் சமைப்பதை மேற்பார்க்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், கணக்கெடுப்புக்குப் போக வேண்டும். இவ்வளவையும் சுமக்கும் பணியாளர் அக்காவுக்குப் பாப்பாவோடு உட்கார நேரம் எங்கே? அதை எந்த மதிப்பெண் கேட்கிறது?

துடைப்பம் யார் கையில்?

நம் தோழர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். மாண்டிசோரி வகுப்பில் குழந்தைகள் கூட்டுகிறார்கள், துடைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். இது குலக்கல்வியின் இன்னொரு முகமா?

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றது. பெரும் போராட்டத்துக்குப் பின் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்கு அருகே பாலக்கரை அரசுப் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியர் கைதானார். நம் அச்சம் கற்பனை அல்ல.

ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். மாண்டிசோரி அறையில் எல்லாக் குழந்தையும் துடைப்பத்தை எடுக்கும், தான் சிந்தியதைத் தான் துடைக்கும், விரும்பினால் செய்யும். சாதிப் பள்ளியில் ஒரு குழந்தை மட்டும், பிறப்பைப் பார்த்து, பிறர் அழுக்கைத் துடைக்கும். முன்னது சாதியின் வேரை அறுக்கும் வேலை. ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளை மூன்று வயதில் தன் தட்டைத் தானே கழுவப் பழகினால், நாளை இன்னொருவர் பிறப்பால் தனக்குக் கழுவக் கடமைப்பட்டவர் என்று நினைக்குமா? இந்த வேறுபாட்டை மதிப்பீட்டுத் தாளில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் நல்ல முறையும் சாதியின் கையில் சிக்கும்.

சமையலறையும் அப்படித்தான். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் பட்டியலினப் பெண் பள்ளியில் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அந்தப் பள்ளிக்குச் சுவர் நன்றாக இருந்திருக்கலாம், கழிப்பறை சுத்தமாக இருந்திருக்கலாம். நட்சத்திரம் கொடுப்பீர்களா?

நாம் கேட்க வேண்டியவை

அம்பத்தூரில் 1949இல் சைக்கிள் ஆலை, 1960களில் தொழிற்பேட்டை, ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை என்று இந்தப் பகுதி நம் உழைப்பில் வளர்ந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் அதைச் சொன்னது. ஒப்பந்தக் கூலியாக உள்ளே போகும் நம் அம்மாக்களுக்கு இவற்றில் எது கிடைக்கிறது என்று தொழிற்பேட்டை வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள்.

முன்பருவத் தர மதிப்பீடு எந்த வடிவில் வந்தாலும் இவை இருக்க வேண்டும்:

ஒன்று, மையம் சேரிக்குள்ளோ குடியிருப்புக்குள்ளோ இருக்கிறதா, வேலைக்குப் போகும் தாயின் நேரத்துக்குத் திறந்திருக்கிறதா என்பதற்கு மதிப்பெண்.

இரண்டு, பொருள்கள் பீரோவில் பூட்டியிருக்கின்றனவா, குழந்தை கை எட்டும் தட்டில் இருக்கின்றனவா என்பதற்கு மதிப்பெண். புளியங்கொட்டையும் கிளிஞ்சலும் போதும், இறக்குமதிப் பெட்டி தேவையில்லை.

மூன்று, குழந்தை தானே தேர்ந்து இடையூறில்லாமல் வேலை செய்ய நாள்தோறும் நேரம். வயது கலந்த வகுப்பைக் குறையாக எண்ணக் கூடாது.

நான்கு, பணியாளருக்கு ஆழமான பயிற்சி, முறையான சம்பளம், கல்விக்கென்று ஒதுக்கிய நேரம். அரசே மாண்டிசோரிப் பயிற்சி கொடுத்து, அதற்குச் சான்றிதழும் பதவி உயர்வும் தர வேண்டும்.

ஐந்து, சாதிப் பாகுபாட்டைத் தனித் தலைப்பாக அளக்க வேண்டும். யார் எங்கே உட்காருகிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் கழுவுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதில் தோற்ற மையத்துக்கு மற்ற எதிலும் நட்சத்திரம் கிடையாது.

ஆறு, மதிப்பிடும் குழுவில் அந்தக் குடியிருப்பின் தாய்மார்கள் இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்கள் இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, தங்கள் பகுதியின் ஐந்து அங்கன்வாடிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். பணியாளர் அக்காவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள், அவரும் நம்மில் ஒருவர். அவர் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள். வார்டு உறுப்பினரிடமும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும் கொடுங்கள். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் மனுக்களால்தான் தொடங்கினார்கள்.

ஜெய் பீம்.